ஆன்லைன் வகுப்பில் அப்பா பெயர்

ஆன்லைனில் டிகிரி படிக்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால், மற்றவர்கள் கேட்கும் கேள்விகளை நான் கேட்பதில்லை. வீட்டில் இன்டர்நெட் லைன் நன்றாக இருக்கிறதா, தனி அறை உண்டா, யாரும் விரட்டாமல் உட்கார்ந்து படிப்பீர்களா என்பதையெல்லாம் அவர்களே யோசித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று.

“உங்க பேர்ல கோடு இருக்கா?”

இருக்கும். மலேசியாவில் பிறந்த தமிழர் அநேகம் பேருக்கு இருக்கும். அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், ஆண் பிள்ளைக்கு ஏ/எல், பெண் பிள்ளைக்கு ஏ/பி என்று சாய்ந்த கோடு ஒன்றைப் போட்டு எழுதியிருப்பார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் அது. பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் கிளினிக்கிலும் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. நானும் கண்டுகொண்டதில்லை. குளுவாங்கில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்த பிறகு, டிகிரி இல்லாமல் மேலே போக முடியாது என்று புத்தி வந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் படிப்புக்கு விண்ணப்பித்த அன்றுதான் அந்தக் கோடு என் கண்ணில் பட்டது.

பெயரை அடித்தேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது, பெயரில் செல்லாத எழுத்து இருக்கிறது என்று. எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிறந்ததிலிருந்து செல்லுபடியான பெயர், ஒரு பெட்டி சொல்லிச் செல்லாமல் போகுமா? கோட்டை எடுத்துவிட்டு அடித்தேன். குடும்பப் பெயர் எங்கே என்றது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? உதவிப் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் பாவம், அப்பா பெயரை விட்டுவிட்டு என் பெயரை மட்டும் போட்டுப் பதிவு செய்துவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு பல பருவங்கள் ஓடின. பதிவு செய்து வைத்த பாடங்களைக் கேட்பது, கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, முகம் தெரியாத நாலு பேரோடு குழு வேலை செய்வது. ஆன்லைன் படிப்பில் என்னதான் எதிர்பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் மனதறிந்து சொல்வது இதுதான்: உங்களை யாரும் தேட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பொந்தேங் போட்டால், அதுதான் மட்டம் போட்டால், மறுநாள் டீச்சர் காதைத் திருகுவார். இங்கே நீங்கள் ஒரு மாதம் காணாமல் போனாலும் கம்ப்யூட்டர் ஒரு நினைவூட்டல் அனுப்பிவிட்டு அதன் வேலையைப் பார்க்கும். உங்களை நீங்களேதான் இழுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அது வகுப்புக்குப் பஸ் பிடித்துப் போவதைவிடக் கஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டிலிருந்து படிக்கிறாள் என்றால் நம் சனத்துக்கு அவள் சும்மா இருக்கிறாள் என்று அர்த்தம். நான் வேர்க்க விறுவிறுக்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன். வருகிற சொந்தக்காரர்கள், “வீட்டுலதானே இருக்க, ஒரு தண்ணி கலக்கு” என்பார்கள். தேநீர் கலக்கிக் கலக்கியே நான் பாதி டிகிரியை முடித்தேன்.

கடைசிப் பேப்பர் வந்தது. அது ஒன்றில் தேறிவிட்டால் பட்டம். அந்தப் பருவத்தில்தான் பல்கலைக்கழகம் புது மென்பொருளுக்கு மாறி, சனிக்கிழமை காலையில் நேரடி வகுப்பு என்று அறிவித்தது. வகுப்புக்குள் நுழைய மறுபடியும் பெயர் கேட்டது. கடைசிப் பெயர் கட்டாயம் என்றது. சரி, தொலையட்டும் என்று அந்த இடத்தில் அப்பா பெயரை அடித்துவிட்டு உள்ளே போனேன். அந்த மென்பொருளுக்குக் கடைசிப் பெயர்தான் பெயர் போலிருக்கிறது. என் கட்டத்தில் அப்பா பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் நின்றது.

எங்கள் பேராசிரியை குளிர் நாட்டுக்காரர். லைன் இழுக்கும் என்று பாதிப் பேர் கேமராவை அணைத்து வைத்திருப்போம். அணைந்த கட்டங்களுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்க்க, வகுப்புத் தொடங்கும்போது ஒரு தடவையும் இடைவேளை முடிந்ததும் ஒரு தடவையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முதல் சனிக்கிழமை, என் முறை வந்தபோது, ‘மிஸ்’ போட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பா, கையில் கத்தியோடு வந்து வாசற்படியில் நின்றார்.

“யாரும்மா என்னைக் கூப்பிட்டது?”

“பேராசிரியர்ப்பா.”

“என்னையா?”

“என்னையத்தான். உங்க பேர்ல கூப்பிடுறாங்க.”

அப்பா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, திரையில் தன் பெயர் இருந்த கட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இளவயதில் குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். விடியுமுன் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையில் நிறுத்தி, தோட்டக் கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். அப்பாவின் நீளமான பெயரைக் கிராணி பாதியாக வெட்டி, அதையும் நாயைக் கூப்பிடுவது போல் கூப்பிடுவாராம். இதை அப்பா ஏக்கத்தோடு ஒரு நாளும் சொன்னதில்லை, கடுப்போடுதான் சொல்வார். தோட்டம் கைமாறிய பிறகு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை. அங்கே அவர் மலாய்க்காரர்களுக்குப் ‘பாக் கார்டு’ என்ற காவல்காரப் பெரியவர், சீனர்களுக்கு ‘ஆனே’, நம்மவர்களுக்கு ‘அண்ணே’. ஓய்வு பெறும் வரை அவர் முழுப்பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது அவருடைய அடையாள அட்டையிலும் என் பெயரின் வாலிலும் மட்டும் இருந்தது. இப்போது ஒரு பேராசிரியை, ஓர் எழுத்தையும் விழுங்காமல், கொஞ்சம் தடுமாறினாலும் முழுதாக, அந்தப் பெயரைக் கூப்பிட்டார். முன்னால் இருந்த ‘மிஸ்’ அப்பா காதில் ‘மிஸ்டர்’ என்று விழுந்திருக்கிறது. நான் திருத்தவில்லை.

கட்டத்தின் பெயரை மாற்றுவது ஒரு நிமிட வேலை. அன்று மத்தியானம் மாற்றத்தான் உட்கார்ந்தேன். மாற்றாதே என்று அப்பா சொல்லவில்லை. அப்படிக் கேட்கிற ஆளும் இல்லை. வெங்காயத்தை அடுப்பில் போட்டு வதக்கிக்கொண்டே, அந்தப் பேராசிரியை சொன்ன மாதிரியே தன் பெயரை ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். இதில் என் பிழை எதுவும் இருப்பதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அப்பா வகுப்புக்கு வர ஆரம்பித்தார். அம்மா சந்தைக்குப் போனதும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கேமராவில் படாத பக்கமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவார். சரக்குக் கப்பல், கிடங்கு, விநியோகச் சங்கிலி என்று பேராசிரியை பேசுவது அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. பெயர் கூப்பிடும்போது மட்டும் நிமிர்ந்துவிடுவார். நான் ‘யெஸ்’ என்றதும் ஒரு தலையாட்டு. எனக்குச் சிரிப்பாக வரும். நானே சோம்பல்பட்ட சனிக்கிழமைகளில், சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் தயாராக இருக்கிறாரே என்பதற்காகவே எழுந்து வந்தேன். எந்த ஆன்லைன் படிப்பும் தராத வசதி அது.

பருவத்தின் பாதியில் ஒரு சனிக்கிழமை. இடைவேளையில் சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு கேட்டில் வந்து நின்றார். உள்ளே வந்தால் தண்ணி கலக்கச் சொல்வார் என்று நான் கேட்டிலேயே நிறுத்திப் பேசினேன். அவர் மாப்பிள்ளையின் சம்பளம்வரை வந்துவிட்டார். உள்ளே வகுப்புத் தொடங்கிவிட்டது. மைக்கை நான் அணைக்காமல் வந்திருந்தேன்.

பேராசிரியை கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். அப்பா வாசலைப் பார்த்திருக்கிறார், நான் வரக் காணோம். மூன்றாவது தடவை அந்தப் பெயர் வந்ததும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, “யெஸ். பிரசெண்ட்” என்றிருக்கிறார்.

“குரல் வேறு மாதிரி இருக்கிறதே, சளியா?” என்று கேட்டாராம் பேராசிரியை.

“லிட்டில்” என்றாராம் அப்பா, அசராமல்.

நான் ஓடி வந்தபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. நடந்ததை அப்பா மெதுவாகச் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு நீண்ட நாள் நிலைக்கவில்லை.

தேர்வு நெருங்கும் நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்தப் பேப்பரில் நான் ஒரு வகுப்புக்கும் வரவில்லை, ஆகவே தேர்வு எழுத அனுமதி இல்லை. படித்துப் படித்துப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. பல்கலைக்கழகப் பதிவில் இருப்பது என் பெயர். வகுப்பு மென்பொருளில் இருப்பது அப்பா பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. என் பெயரில் வேலைகள் எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கின்றன, ஆள் வரவில்லை. அப்பா பெயரில் ஆள் ஒரு வாரமும் தவறாமல் வந்திருக்கிறது, ஒரு வேலையும் செய்யவில்லை.

இதை விளக்கி எழுதினேன். எழுதியது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டார்கள். என் தந்தை என்றேன். வகுப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓர் ஆண் குரல். அடுத்த கடிதம் இன்னும் மரியாதையாக வந்தது. மாணவிக்குப் பதிலாக வேறொருவர் வகுப்பில் கலந்துகொண்டதாகச் சந்தேகம் இருக்கிறது, அது உறுதியானால் பேப்பர் ரத்து, பட்டமும் சந்தேகம், விசாரணைக்கு இந்த நேரத்தில் கேமராவோடு வரவும்.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல் எழுதியிருந்தார்கள். எத்தனை வருட உழைப்பு. வேலை விட்டு வந்து, சோறு ஆறிப்போக, திருவிழா கல்யாணம் எல்லாம் விட்டுப் படித்த படிப்பு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் இஸ்திரிச் சட்டை போடவில்லை. பழைய காவல் நண்பர் வீட்டுக்குப் போகிறேன் என்று காலையிலேயே கிளம்பினார்.

“வகுப்புக்கு நேரமாச்சுப்பா.”

“நீ படிம்மா. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்.”

“நீங்க ஒன்னும் செய்யல.”

“என்னால உன் படிப்பு போச்சுன்னா, நான் யார் மூஞ்சில முழிப்பேன்?”

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. பட்டம் போனால் அடுத்த வருடம் வேறெங்காவது முதலிலிருந்து படிப்பேன், அந்தப் பிடிவாதம் எனக்கு உண்டு. ஆனால் தன் பெயரை உரக்கக் கேட்டதற்காக இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கத் தலைகுனிந்து நடந்தால், நான் எதை வாங்கி எந்தச் சுவரில் மாட்டுவது?

“விசாரணைக்கு நீங்களும் வரணும்ப்பா” என்றேன். “உங்க பேரைப் பத்திதான் பேச்சு.”

விசாரணை நாளில் திரையில் பேராசிரியையும் தேர்வுப் பிரிவு அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். நான் அடையாள அட்டையைக் காட்டினேன். நடுவில் இருக்கும் கோடு என்ன என்று பேராசிரியை கேட்டார். மகள் என்று அர்த்தம் என்றேன். கோட்டுக்கு முன்னால் இருப்பது நான், பின்னால் இருப்பது நான் யாருடைய மகள் என்பது. உங்கள் மென்பொருள் கோட்டை ஏற்கவில்லை, பின்னால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. அவர் எழுதிக்கொண்டார். அதிகாரி விடவில்லை. பெயர்க் குழப்பம் புரிகிறது, அந்த ஆண் குரல் ஏன் பதில் சொன்னது என்றார். நான் விளக்க வாயெடுத்தேன். உங்கள் தந்தை சொல்லட்டும் என்றார்.

அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்தார். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். நான் மொழிபெயர்க்கிறேன் என்றதும் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“உங்கள் மகள்போல ஏன் பதில் சொன்னீர்கள்?” என்று அதிகாரி நிதானமாக ஆங்கிலத்தில் கேட்டார்.

“நோ, சார். நாட் மை டாட்டர் நேம். யூ கால் மை நேம். ஐ ஹியர். ஐ சே யெஸ்.”

அதிகாரி முன்னால் இருந்த தாளைப் புரட்டினார்.  

“சளி என்றும் சொல்லியிருக்கிறீர்களே?”

“ட்ரூ, சார். தட் டே, ஐ கோல்ட்.”

பேராசிரியை முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதிகாரி தண்ணீர் குடித்தார். பிறகு பேராசிரியைதான் பேசினார். எல்லாச் சனிக்கிழமையும் தன்னோடு வாதாடும் குரல் எது என்று தனக்கு நன்றாகத் தெரியும், மற்ற மாணவர்கள் பெருமூச்சு விடும் அளவுக்குக் கேள்வி கேட்பவர் இந்தப் பெண்தான், பதிவுகளில் அது முழுக்க இருக்கிறது என்றார். பேசாமல் உட்கார்ந்து படித்திருந்தால் எனக்குச் சாட்சியே இருந்திருக்காது. ஆகையால் ஆன்லைனில் படிக்கிறவர்களே, கேமராவை வேண்டுமானால் அணையுங்கள், வாயை அணைக்காதீர்கள்.

இணைப்பைத் துண்டித்ததும் அப்பாவைப் பார்த்தேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயந்துதான் இருந்திருக்கிறார். பயந்துகொண்டே அவர் அப்படிப் பேசினார் என்பதில் எனக்கு உண்டான பெருமையை என்னவென்று சொல்ல. அவர் மகள் என்று அட்டையில் எழுதியிருப்பதை அன்று போல் நான் என்றும் படித்ததில்லை.

முடிவு அடுத்த வாரம் வந்தது. வேலையிலிருந்து வந்து, கூடத்தில் அப்பாவை உட்கார வைத்து, தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். குற்றம் எதுவும் இல்லை. அப்பா பெயரில் பதிவான வருகை எல்லாம் என் பெயருக்கு மாற்றப்படுகிறது. தேர்வு எழுதலாம். அப்பா கண்ணை மூடித் திறந்தார். கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. இடைவேளைக்குப் பிந்திய அழைப்பே கணக்கு என்பதால், அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் மாற்றப்படாது. அன்று பதில் சொன்னவர் மாணவியின் தந்தை. மாணவி வரவில்லை.

எனக்கு மறுபடியும் கோபம் ஏறிவிட்டது. ஒரு வாரமும் தவறாதவள் நான். பத்திரிகையோடு வந்த மனிதரால் எனக்கு ஒரு நாள் போவதா? இப்போதே எழுதுகிறேன் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

“அப்பா பேர்ல எழுதியிருக்கா?” என்றார் அப்பா.

“எது?”

“அந்த ஒரு நாளு. நான் வந்தேன்னு போட்டிருக்கா?”

திரும்பப் படித்தேன். மென்பொருளின் பதிவில் அந்த நாளுக்கு நேராக அவர் பெயர் அப்படியே இருக்கிறது, வருகை தந்தார் என்று.

“போட்டிருக்குப்பா.”

“அப்ப எழுதாத.” எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “அன்னிக்கு நீ பொந்தேங். நான்தான் வந்தேன்.”

தேர்வு எழுதினேன், நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன், பட்டமும் வந்துவிட்டது. அந்த ஒரு நாளை மட்டும் திருத்தச் சொல்லி நான் எழுதவே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் பல்கலைக்கழகம் போயிருக்கிறோம்.